வட்டிக் கோடும் வெள்ளைப்பூண்டும்

போளூர் என்றதும் திருவண்ணாமலைச் சீமையிலுள்ள போளூர்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாம் சொல்ல வந்தது அந்தப் போளூரை அல்ல. கொடைக்கானலுக்கும் அப்பால், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று நீளும் மேல்மலை ஊர்களின் வரிசையிலே, பழனிமலைத் தொடரின் மடியிலே கிடக்கிறதே ஒரு சிற்றூர், அந்தப் போளூரை! மேகம் வாசற்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்சும் விளையும் பூமி. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமையிலே மேல்மலைப் பாட்டாளியின் வியர்வைக்குப் பங்கு உண்டு.

அந்தப் போளூரிலே பூண்டு உரிக்கும் தாய்க்கும், பம்பாயிலே ரிசர்வ் பாங்க் நடத்தும் கடன் பத்திர ஏலத்துக்கும் என்ன தொடர்பு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே என்று கேட்போர் கேட்கட்டும். முடிச்சுப் போட்டவர்கள் நாமல்ல. முடிச்சு எப்போதோ போடப்பட்டுவிட்டது. அதை அவிழ்த்துக் காட்டுவது மட்டுமே நமது வேலை.

சர்க்கார் கடன் வாங்குகிறது. மூன்று மாதத்துக்கும் வாங்குகிறது, பத்து ஆண்டுக்கும் வாங்குகிறது. 2023 நவம்பரிலே முதன்முறையாக ஐம்பது ஆண்டுக்கும் வாங்கியது. இன்று பிறந்த குழந்தை பேரன் பேத்தி எடுக்கும் வயதிலே தீரவேண்டிய கடன்! கடனுக்குச் சான்றாக ஒரு பத்திரம். அந்தப் பத்திரம் கை மாறுகிறது, விலை ஏறுகிறது, இறங்குகிறது. 100 ரூபாய்ப் பத்திரத்துக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி என்று எழுதியிருக்கிறது என்று கொள்வோம். அதே பத்திரம் சந்தையிலே 87 ரூபாய் 50 காசுக்கு வந்துவிட்டால், வாங்குபவனுக்குக் கிட்டும் வட்டி 8 விழுக்காடு. கணக்கை எளிமையாக்கிச் சொல்கிறோம், அடிப்படை இதுதான். பத்திரத்தின் விலை இறங்கினால் கிட்டும் வட்டி ஏறும். விலை ஏறினால் வட்டி இறங்கும்.

மூன்று மாதக் கடனுக்குக் கிட்டும் வட்டி என்ன, ஓராண்டுக்கு என்ன, பத்தாண்டுக்கு என்ன, முப்பதாண்டுக்கு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணையுங்கள். ஒரு கோடு கிடைக்கிறது. ஆங்கிலத்திலே அதற்கு 'ஈல்ட் கர்வ்' என்று பெயர். நாம் வட்டிக் கோடு என்போம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் மலைப்பாதை போல, இந்தக் கோடும் இயல்பாக மேல்நோக்கி ஏறவேண்டும். நாளை திருப்பித் தருகிறேன் என்பவனுக்குக் குறைந்த வட்டி, பத்தாண்டு கழித்துத் தருகிறேன் என்பவனுக்குக் கூடுதல் வட்டி. காலம் நீள நீள அச்சம் கூடும் அல்லவா? விலைவாசி ஏறலாம், ஆட்சி மாறலாம், பணத்தின் மதிப்பு தேயலாம். அந்த அச்சத்துக்கு ஒரு கூலி. ஆகவே ஏற்றம்.

சில வேளைகளில் கோடு தட்டையாகப் படுத்துவிடுகிறது. சில வேளைகளில் தலைகீழாகக் கவிழ்ந்துவிடுகிறது. குறுங்காலக் கடனுக்கு வட்டி கூடுதல், நெடுங்காலக் கடனுக்குக் குறைவு! ஏன்? பணம் படைத்தவன் நினைக்கிறான்: நாளை தொழில் மந்தமாகும், அப்போது வட்டி குறையும், ஆகவே இன்றைய வட்டியையே பத்தாண்டுக்குப் பிடித்துக் கட்டிவிடுவோம் என்று. எல்லாரும் நீண்டகாலப் பத்திரத்தின்மீது பாய்கிறார்கள். அதன் விலை ஏறுகிறது, வட்டி இறங்குகிறது. கோடு கவிழ்கிறது. கவிழ்ந்த கோடு, வரப்போகும் மந்தத்தின் முன்னறிவிப்பு என்கிறார்கள் பொருளியலார்.

அமெரிக்காவிலே கேம்ப்பெல் ஹார்வி என்பவர், 1986-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியிலே இதை ஆராய்ந்து காட்டினார். அதற்குப் பிறகும் கோடு கவிழ்ந்தது, மந்தம் வந்தது. 2006-லும் 2007-லும் கவிழ்ந்தது. 2008-ல் உலகமே நடுங்கிய நெருக்கடி. விட்டார்களா? வட்டிக் கோட்டை வேதமாக்கினார்கள்! கோடு சொன்னால் நடக்கும் என்றார்கள். 2022 நடுவிலே அங்கு கோடு மீண்டும் கவிழ்ந்தது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஆரூடம் சொன்னார்கள். 2024 செப்டம்பரிலே கோடு நிமிர்ந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கப் பொருளாதாரம் சுருங்கியதா? இல்லை. வளர்ந்தது!

இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்கவேண்டியிருக்கிறது. வட்டிக் கோடு அறிவா, ஆரூடமா?

விடை தேடி வெகுதொலைவு போகவேண்டாம். போளூர் இருக்கும் அதே மலைத்தொடரிலே விடை இருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதை கதையாகச் சொன்னதுண்டு. இலட்சக்கணக்கிலே மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது என்று வெள்ளைத் துரைத்தனம் காரணம் தேடிற்று. கதிரவனின் முகத்திலே தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும், கதிரவனை நாள்தோறும் கவனிக்கவேண்டும் என்று அறிஞர் சிலர் சொன்னார்கள். 1893-ல் கொடைக்கானல் இடமாக முடிவாயிற்று. 1901-ல் வானாய்வுக்கூடம் பணி தொடங்கியது. பஞ்சத்தின் சாம்பலிலே முளைத்த ஆய்வுக்கூடம் அது!

அதே காலத்திலே இங்கிலாந்திலே ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியல் மேதை ஒரு கொள்கை சொன்னார். கரும்புள்ளி கூடிக் குறையும் காலக் கணக்கும், வாணிக நெருக்கடி வந்து போகும் காலக் கணக்கும் ஏறத்தாழ ஒன்று. கதிரவன் மாறினால் இந்தியாவிலே விளைச்சல் மாறும். விளைச்சல் மாறினால் இந்தியன் இங்கிலாந்துச் சரக்கு வாங்கும் சக்தி மாறும். ஆகவே இலண்டனிலே நெருக்கடி. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது அல்லவா? ஆனால் கணக்கு நிலைக்கவில்லை. கொள்கையைக் கைவிட்டது உலகம்.

கொள்கை போயிற்று, கவனிப்பு போயிற்றா? இல்லை! கொடைக்கானலிலே நூற்றாண்டுக்கும் மேலாகக் கதிரவனைப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். 1909-ல் அங்கே ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளிலே வாயுக்கள் நகரும் விதத்தைக் கண்டறிந்தார். உலகம் அவர் பெயரையே அந்த உண்மைக்குச் சூட்டியது. பார்த்ததை எழுதி வைப்பது அறிவு. காரணம் தேடுவது பகுத்தறிவு. இரண்டு கணக்கு ஒத்துப்போனதுமே ஒன்று மற்றொன்றை ஆட்டுவிக்கிறது என்பது அவசரம். காரணமே கேட்காமல் நம்புவது சோதிடம். வட்டிக் கோட்டையும் இந்த உரைகல்லிலேதான் உரைத்துப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டு வரலாற்றை உரைத்துப் பார்ப்போமா?

1974 ஜூலையிலே, மத்திய சர்க்காரின் 91 நாள் கருவூல உண்டியலுக்கு வட்டி 4.6 விழுக்காடு என்று கட்டி வைத்தார்கள். விலைவாசி துள்ளியது, படுத்தது, மீண்டும் துள்ளியது. அந்த 4.6 மட்டும் ஆண்டுக்கணக்கிலே அசையவில்லை. பாங்குகளோ மக்கள் போட்ட பணத்தின் பெரும்பகுதியைச் சர்க்கார் பத்திரங்களிலே முடக்கியே தீரவேண்டும். 1990-களின் தொடக்கத்திலே அந்தக் கட்டாயப் பங்கு 38.5 விழுக்காடு வரை போயிற்று. அன்றைய வட்டிக் கோடு என்ன குறி காட்டியிருக்கும்? முள்ளை ஆணி அடித்து நிறுத்திவிட்ட தராசு எடை காட்டுமா? 1991-ல் அந்நியச் செலாவணி வற்றி, நாட்டின் தங்கத்தையே கடல் கடந்து அடகுக்கு அனுப்ப நேர்ந்தது. அந்தப் பேராபத்து வருகிறது என்று சொல்லக் கோட்டுக்கு நாக்கு இல்லை; நாக்கை அறுத்து வைத்திருந்தார்கள்! 1992-ல்தான் பத்திரங்களை ஏலத்திலே விடத் தொடங்கினார்கள். கோடு அப்போதுதான் பேசப் பழகியது.

பேசப் பழகிய கோடு 2013-ல் அலறியது. அமெரிக்காவிலே பணப்புழக்கத்தைக் குறைக்கப் போகிறோம் என்று ஒரு சொல் சொன்னார்கள். இங்கே ரூபாய் சரிந்தது. 2013 ஜூலை 15-ந் தேதி ரிசர்வ் பாங்க், பாங்குகள் அவசரத்துக்கு வாங்கும் கடனுக்கான வட்டியை 10.25 விழுக்காடாக உயர்த்தியது. மூன்று மாத உண்டியலின் வட்டி பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டியைத் தாண்டிப் போயிற்று. கோடு கவிழ்ந்தது. அமெரிக்க மந்திரத்தை அப்படியே ஓதியவர்கள், இந்தியாவுக்குப் பெருமந்தம் வருகிறது என்று சொல்லியிருக்கவேண்டும். வந்ததா? இல்லை. ஏன்? அந்தக் கோட்டைக் கவிழ்த்தது நாளையைப் பற்றிய அச்சமல்ல; ரூபாயைக் காக்க ரிசர்வ் பாங்க் கட்டிய வேலி. வேலி எடுக்கப்பட்டது, கோடு நிமிர்ந்தது.

ஆகவே கோட்டைப் பார்த்ததும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதல்ல. எந்த முனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதே! குறுங்கால முனை ரிசர்வ் பாங்கின் கையிலே. நெடுங்கால முனை, கடன் கொடுப்போரின் நம்பிக்கையிலும் அச்சத்திலும், சர்க்கார்கள் எவ்வளவு கடன் கேட்டு வந்து நிற்கின்றன என்பதிலும். இரண்டு முனையும் ஒரே பக்கம் போனால் ஒரு சேதி. ஒன்று இறங்கி மற்றொன்று மறுத்து நின்றால், அது வேறு சேதி.

2025-ல் நடந்தது இரண்டாவது வகை. அந்த ஆண்டு பிப்ரவரி தொடங்கி டிசம்பருக்குள் ரெப்போ வட்டியை 6.50-லிருந்து 5.25 விழுக்காடாகக் குறைத்தது ரிசர்வ் பாங்க். ஒன்றேகால் விழுக்காடு குறைப்பு, சிறியதல்ல. பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி? ஆண்டின் தொடக்கத்திலே 6.8-ஐ ஒட்டி இருந்தது, ஆண்டின் முடிவிலே 6.6-ஐ ஒட்டி நின்றது. முப்பதாண்டு, நாற்பதாண்டுப் பத்திரங்களின் வட்டியோ ஆண்டின் முடிவிலே ஏழுக்கு மேலே நின்றது. 2024-ல் ஏறத்தாழத் தட்டையாகக் கிடந்த கோடு, 2025-ல் செங்குத்தாக எழுந்தது.

வளர்ச்சி வருகிறது, அதனால்தான் கோடு எழுந்தது என்று பாடம் படித்தவர்கள் சொல்லக்கூடும். பாடப்புத்தகத்திலே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் யார் எந்த முனையைப் பிடித்திருந்தார்கள் என்று பாருங்கள். கீழ் முனையை இறக்கியது ரிசர்வ் பாங்க். மேல் முனையை இறங்கவிடாமல் பிடித்தவை: மத்திய சர்க்காரும் மாநிலங்களும் போட்டியிட்டுக் கேட்ட கடன், செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி குறைந்ததால் வருமானம் சுருங்குமோ என்ற ஐயம், ஜூன் மாதத்திலே பெரிய குறைப்பைச் செய்த கையோடு, இனி இடமதிகமில்லை என்று ரிசர்வ் பாங்க் காட்டிய சாடை. இது வசந்தத்தின் வருகையைச் சொல்லும் குயிலோசை அல்ல. மலிவுப் பணம் நெடுந்தொலைவு போகாது என்று சொல்லும் எச்சரிக்கை மணி.

ரிசர்வ் பாங்க் வட்டியைக் குறைக்க இடம் தந்தது எது? விலைவாசி இறங்கியது. 2025 அக்டோபரிலே சில்லறை விலை ஏற்றம் வெறும் 0.25 விழுக்காடு. பத்திரச் சந்தையிலே கைதட்டினார்கள். எப்படி இறங்கியது? உணவுப் பொருள் விலை முந்திய ஆண்டைவிட 5 விழுக்காடு குறைவு; காய்கறி விலையோ கால்வாசிக்கு மேலே சரிவு! காய்கறி விலை என்றால் என்ன பொருள்? மேல்மலைக்காரனின் வருமானம் என்று பொருள். மலையிலே விளைந்ததை லாரியிலே ஏற்றி, பூண்டானால் வடுகபட்டிச் சந்தைக்கு, காய்கறியானால் சமவெளிச் சந்தைகளுக்கு அனுப்பிவிட்டு, வந்த பணத்திலே விதைக்கடனும் உரக்கடனும் தீர்ப்பவன் அவன். நகரத்திலே 'விலைவாசி அடங்கியது' என்ற செய்தி, அவன் வீட்டிலே 'விளைந்தது விலைபோகவில்லை' என்ற செய்தி. ஒரே எண், மும்பையிலே அதற்குப் பெயர் வெற்றி, மலையிலே அதற்குப் பெயர் வேதனை. வட்டிக் கோட்டிலே அந்த வேதனை ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. ஆகவேதான் சொல்கிறோம்: கோட்டைப் படியுங்கள், ஆனால் கோட்டை மட்டும் படிக்காதீர்கள்.

சரி, அந்தக் கோடு மலையேறி வரும் வழி எது? முதல் வழி, அஞ்சலகம்.

ஏழை எளியோர் சிறுகச் சிறுகச் சேர்க்கும் அஞ்சலகச் சேமிப்புக்கு வட்டி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது? 2011-ல் சியாமளா கோபிநாத் குழு ஒரு முறை சொன்னது: ஒத்த காலத்துச் சர்க்கார் பத்திரத்துக்குக் கிட்டும் வட்டியைப் பார், அதன்மேலே சிறிது கூட்டிக் கொடு. 2016 ஏப்ரல் முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மாற்றுவது என்று ஆயிற்று. ஆக, பத்திரச் சந்தையின் கோடு அஞ்சலகப் பாஸ் புத்தகத்திலே வந்து விழுகிறது. முடிச்சு எங்கே என்று கேட்டவர்களே, இதோ முடிச்சு!

முறை நல்ல முறைதான். நடந்ததென்ன? 2020 ஏப்ரலிலே கோடு இறங்கியது என்று சொல்லி, மூத்த குடிமக்கள் சேமிப்புக்கு 8.6 விழுக்காடாக இருந்த வட்டியை 7.4 ஆக்கினார்கள். தேசியச் சேமிப்புப் பத்திரத்துக்கு 7.9 ஆக இருந்ததை 6.8 ஆக்கினார்கள். ஒரே வெட்டு! 2021 மார்ச் 31-ந் தேதி இரவு அடுத்த வெட்டு அறிவிக்கப்பட்டது. பொதுச் சேமநிதிக்கு 7.1 என்பது 6.4 ஆகும், அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு 4 என்பது 3.5 ஆகும் என்றார்கள். பொழுது விடிந்தது. ஏப்ரல் 1-ந் தேதி காலையிலே, அது கவனக்குறைவால் வெளிவந்த உத்தரவு, திரும்பப் பெறப்படுகிறது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அம்மையார் அறிவித்தார். இரவிலே வந்த உத்தரவு விடியலிலே மறைந்த விந்தை என்ன? தமிழ்நாட்டிலே ஏப்ரல் 6-ந் தேதி வாக்குப்பதிவு! வட்டிக் கோட்டுக்குத் தேர்தல் நாள் தெரியுமோ தெரியாதோ, டில்லிக்குத் தெரியாமலா போகும் என்று மக்கள் கேட்டார்கள்.

அடுத்த காட்சி பாருங்கள். 2022-ல் கோடு ஏறியது. பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி ஏழரையை எட்டிப் பிடித்தது. முறைப்படி பொதுச் சேமநிதிக்கு அதற்கும் மேலே கால் விழுக்காடு சேர்த்துத் தந்திருக்கவேண்டும். தந்தார்களா? 7.1 என்ற எண் அசையவில்லை. 2020 ஏப்ரலிலே எழுதியது 2025 முடியும்வரை அப்படியே இருந்தது. 2025-ல் கோட்டின் கீழ்ப்பகுதி இறங்கியபோது வெட்டாமல் விட்டார்கள்; அதை நாம் மறைக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் முறை என்று ஒன்று இருந்தால் ஏறும்போதும் அது முறையாக இருக்கவேண்டாமா? கோடு இறங்கினால் கையிலே கத்தரிக்கோல், கோடு ஏறினால் காதிலே பஞ்சு. இதற்குப் பெயர் முறையா?

கோடு மலையேறும் இரண்டாவது வழி, மாநிலக் கடன். மலைக்கு ரோடு போடவேண்டும், பள்ளிக்கூடம் கட்டவேண்டும், மருத்துவமனைக்குக் கருவி வாங்கவேண்டும். மாநில சர்க்காரும் கடன் பத்திரம் வெளியிடுகிறது. 2006-07 முதல் மாநிலங்களின் பத்திரங்கள் முழுவதும் ஏலத்திலேயே விற்கப்படுகின்றன. மத்திய சர்க்காரின் பத்திரத்துக்குக் கிட்டும் வட்டிக்கு மேலே இன்னும் சிறிது சேர்த்துத் தந்தால்தான் மாநிலத்துக்குக் கடன். அரை விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கோடி ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 5 கோடி. பத்து ஆண்டுக்கு 50 கோடி. அந்த ஐம்பது கோடி எத்தனை பள்ளிக்கூடங்களுக்குக் கூரை! மத்திய சர்க்கார் மிகுதியாகக் கடன் கேட்டு மேல் முனையை உயர்த்தினால், அந்தச் சுமை மாநிலத்தின் தலையிலும் ஏறுகிறது. ரெப்போ குறைந்தது என்ற நற்செய்தி மாநிலக் கருவூலத்தை எட்டவில்லை. 2025 இறுதியிலும் மாநிலங்களின் பத்தாண்டுப் பத்திரங்கள் ஏழுக்கு மேலேதான் விலைபோயின.

கடனின் விலையை நிர்ணயிக்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லை. கடனின் அளவையாவது நிர்ணயிக்கலாமா? அரசியல் சட்டத்தின் 293-வது விதி, மத்திய சர்க்காருக்குப் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் அதன் இசைவில்லாமல் கடன் வாங்கக்கூடாது என்கிறது. கேரளம் இந்தப் பிரச்சினையை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2024 ஏப்ரல் 1-ந் தேதி அது அரசியல் சட்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மத்திய-மாநில உறவை ஆராய 1969-ல் தமிழ்நாடு அமைத்த இராசமன்னார் குழு 1971-ல் அறிக்கை தந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் கேள்வி அதே கேள்வியாக நிற்கிறது: சுமப்பவன் ஒருவன், சுமையின் அளவைச் சொல்பவன் இன்னொருவனா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சிறுசேமிப்பு வட்டியை அறிவிக்கும்போது, எந்தப் பத்திரத்தின் வட்டியைப் பார்த்தோம், முறைப்படி வந்த எண் எது, நாம் தருவது எது என்று மூன்று வரியிலே மக்கள் மொழியிலே சொல்லட்டும். மாநிலம் வாங்கும் ஒவ்வொரு கடனுக்கும் மத்திய சர்க்கார் தரும் வட்டிக்கு மேலே எவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்பதைச் சட்டமன்றத்திலே ஆண்டுதோறும் வைக்கட்டும். மூன்றாவது வேண்டுகோள் நம் ஏடுகளுக்கு. தங்கத்தின் விலை நாள்தோறும் அச்சேறுகிறது. ராசிபலன் தவறாமல் அச்சேறுகிறது. மேஷத்துக்குப் பணவரவு, ரிஷபத்துக்குப் பயணம்! அந்த இடத்திலே பாதியைத் தந்தால் போதும், வட்டிக் கோடு வரையலாம். முந்திய மாதத்துக் கோட்டையும் அருகிலே வரையலாம். 2021 நவம்பர் 12-ந் தேதி முதல் தனிமனிதரும் ரிசர்வ் பாங்கிலே நேரடிக் கணக்கு தொடங்கிச் சர்க்கார் பத்திரம் வாங்கலாம் என்றிருக்கிறது. வாங்கலாம் என்ற உரிமை வந்து என்ன, வாசிக்கும் அறிவு வந்து சேரவேண்டாமா?

இதெல்லாம் படித்தவர் விவகாரம், பாமரனுக்கு எதற்கு என்று சொல்லாதீர்கள். வேதம் நமக்கு எதற்கு என்று சொல்லிச் சொல்லியே நம்மை வாசலிலே நிறுத்தி வைத்தது ஒரு காலம். இன்று பொருளாதாரத்தை வேதமாக்கி, வட்டிக் கணக்கை மந்திரமாக்கி, மறுபடியும் வாசலிலே நிற்கச் சொல்வதை நாம் ஏற்கமாட்டோம். மேகத்தின் நிறத்தைப் பார்த்து நாளை மழையா பனியா என்று சொல்லும் மலைமக்களுக்கு, ஏன் வந்தது, எதனால் வந்தது என்று கேட்கத் தெரியும். அதே கேள்வியை வட்டிக் கோட்டின்மீதும் அவர்கள் கேட்கட்டும். கோடு வரைபவர்களுக்கும், அதன் முனையைப் பிடித்திருப்பவர்களுக்கும், பதில் சொல்லும் கடமை உண்டு.